குரலைக் காக்கும் கருவி

எழுதிய சொல் ஏட்டில் நிற்கும். பேசிய சொல் காற்றில் மறையும். ஓலையைக் கறையான் அரித்தாலும் அதன் படி ஒன்று வேறோர் ஊரில் எஞ்சியிருத்தல் கூடும். ஒருவர் தம் நெஞ்சில் வைத்துக் காத்த பாட்டோ, அவர் கண் மூடும் நாளில் அவரோடு மறைந்துவிடுகின்றது.

திருச்செங்கோட்டில் வாழ்ந்த அட்டாவதானம் முத்துசாமிக் கோனார் அவர்கள், கொங்கு நாட்டு ஏடுகளையும் பட்டயங்களையும் அரிதின் முயன்று திரட்டினார். கொங்குமண்டல சதகத்தை 1923ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். அப்பெரியார் ஏட்டைக் காத்தார். ஆயினும், அக்காலத்து உழவர் பாடிய பாட்டின் குரலைக் காப்பதற்குரிய கருவி ஊர்ப்புறத்தில் எளிதில் கிட்டவில்லை. இன்று அத்தகைய கருவி நம் சட்டைப்பையில் அடங்குகின்றது. அதனைத் தேர்ந்து வாங்குவது எங்ஙனம், பிழையின்றிக் கையாள்வது எங்ஙனம் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

மாணவர்களே! குரலைப் பதிவு செய்யும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1877ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன், பேசிய சொல்லைத் திரும்பப் பேசும் பொறியைச் செய்தார். வெள்ளீயத் தாளில் ஊசி கீறிய வடுவே அன்று ஒலியைத் தாங்கிற்று. 1890ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்பார், அமெரிக்கப் பழங்குடி மக்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளிற் பதிந்தார். நம் நாட்டிலும், கிரியர்சன் என்னும் அறிஞர் நடத்திய இந்திய மொழிகளின் அளவாய்வுக்காக, 1913ஆம் ஆண்டு முதல் பல மொழிகளைப் பேசுவோரின் குரல்கள் இசைத்தட்டுகளில் பதியப்பெற்றன. பின்னர் ஒலிநாடா வந்தது.

அவ்வொலிநாடா நம் கொங்கு நாட்டிற்கும் பெரியதொரு நன்மை செய்தது. 1965ஆம் ஆண்டில், கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரின் வரலாறாகிய அண்ணன்மார் கதையை ஊர்ப் பாடகர் பாடக் கேட்டு, அதனை ஒலிநாடாவிற் பதிந்தார். அக்கதை 1992ஆம் ஆண்டில், சென்னையிலுள்ள ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாக இரண்டு பகுதிகளாக அச்சேறிற்று. அப்பெருங்கதை, ஒரு பாடகரின் நாவிலிருந்தும் ஒரு கருவியின் நாடாவிலிருந்தும் நூலாக மலர்ந்தது. கேட்க விரும்பிய நெஞ்சமும், பதிய வல்ல கருவியும் ஒன்றுபட்டமையால் விளைந்த பயன் இஃது.

நெஞ்சம் மட்டும் இருந்து, கருவியைக் கையாளும் அறிவு இல்லையாயின் யாது நேரும்? அதனை என் வாழ்விலிருந்தே கூறுகின்றேன்.

திருச்செங்கோட்டைச் சூழ்ந்த வெளியில், மின்விசை இறைப்பொறி வருமுன் கவலை இறைத்தே பயிர் வளர்த்தனர். இரண்டு எருதுகள் சரிவில் இறங்கும், வடக்கயிறு இழுபடும், கிணற்றிலிருந்து நீர் நிறைந்த சால் மேலெழுந்து தொட்டியிற் கவிழும். எருது ஓட்டுபவர் கயிற்றின்மேல் அமர்ந்து பாடுவார். களைப்புத் தோன்றாதிருக்கவும், இறைத்த சாலின் எண்ணிக்கை தவறாதிருக்கவும் அப்பாட்டு உதவிற்று. பின்னர் இறைப்பொறி வந்தது, கவலை நின்றது. அதன் பின்னர் நீர்மட்டம் கீழே சென்றது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் பெருகின. இன்று அவ்வண்டிகளாலேயே திருச்செங்கோடு இந்தியா முழுவதும் பெயர் பெற்றுள்ளது. நீர் கொணரும் வழி மாறியதில் குறையொன்றும் இல்லை. எருதுகளின் உழைப்பும் மனிதரின் உழைப்பும் குறைந்தன. ஆனால் கவலையோடு அதன் பாட்டும் நின்றுவிட்டது.

அப்பாட்டை அறிந்த முதியவர் ஒருவர் எங்கள் ஊரை அடுத்த சிற்றூரில் இருந்தார். எண்பது அகவையைக் கடந்தவர். பணி ஓய்வு பெற்ற பின்னர் யான் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். "கெணத்துல தண்ணியே இல்லீங்க, இந்தப் பாட்டு உங்களுக்கு எதுக்குங்க ஐயா?" என்று அவர் நகைத்தார். பலமுறை வேண்டிய பின்னர்த் திண்ணையில் அமர்ந்து பாடத் தொடங்கினார். யான் கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். சிறு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. அது பதிகின்றது என எண்ணி மகிழ்ந்தேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் அவர் பாடினார். முதல் சால் எழுந்தது முதல் எருதுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டியது வரை, ஒரு நாளின் உழைப்பு முழுவதும் அப்பாட்டில் அமைந்திருந்தது. முடிவில் அவர் கண்கள் கலங்கியிருந்தன. அப்போது யான் பாட்டைக் குறித்து எழுதியன இரண்டு வரிகளே. கருவி இருக்கும்போது எழுதுவானேன் என்று கருதினேன்.

வீட்டிற்கு வந்து கேட்டபோது கருவியில் ஒன்றுமில்லை. விளக்கு மின்னி மின்னி எரிந்தால், அது பதிவதற்கு ஆயத்தமாக நிற்கின்றது என்பதே பொருள். மீண்டும் ஒருமுறை பொத்தானை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும்; வினாடி எண்கள் ஓடத் தொடங்கும். இச்செய்தி கருவியோடு வந்த சிறு கையேட்டில் முதற் பக்கங்களிலேயே இருந்தது. யான் அதனைப் படிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் மாணவர்க்குப் 'படித்துணர்க' என்று கற்பித்தவன், தனக்கென அச்சிட்ட நான்கு பக்கங்களைப் படிக்கவில்லை! அடுத்த திங்களில் மீண்டும் செல்வதென நினைத்திருந்தேன். அதற்குள் அம்முதியவர் காலமானார் என்னும் செய்தி வந்தது.

இந்தப் பிழையை நீங்கள் செய்யாதிருத்தல் வேண்டும். ஆதலின், இனிக் கூறுவனவற்றை ஊன்றிக் கவனியுங்கள்.

முதற்கண், கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிவோம். ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. மைக் எனப்படும் ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகின்றது. பழைய கருவிகள் அவ்வலையை நாடாவில் காந்த வடுவாகப் பதிந்தன. டிஜிட்டல் கருவி அவ்வலையை நொடிதோறும் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைக்கின்றது. இசைக் குறுந்தட்டுக்கு வகுத்த முறைப்படி, ஒரு நொடியில் 44,100 முறை அளக்கப்படும். மனிதச் செவி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளை உணரும். உயர்ந்த அதிர்வின் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அதனை மீண்டும் பிழையின்றி எழுப்பலாகும். 44,100 என்னும் எண் வகுக்கப்பட்டதன் அடிப்படை இதுவே.

இனிக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை. 'எதற்காக வாங்குகின்றோம்?' என்று முதலில் நம்மையே வினவுதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கூறுவதையோ கூட்டத்தில் ஒருவர் பேசுவதையோ குறிப்புக்காகப் பதிவதாயின், விரலளவுள்ள எளிய கருவி போதும். பாட்டு, கதை, வட்டார வழக்கு ஆகியவற்றை நெடுங்காலம் காப்பதற்காயின், ஐந்து பண்புகளை நோக்கல் வேண்டும்.

முதலாவது, அது பதியும் வடிவம். எம்பி3 என்னும் வடிவம் ஒலியின் சில கூறுகளைக் கழித்துச் சுருக்கும்; ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 60 மெகாபைட்டில் அடங்கும். வேவ் என்னும் வடிவம் ஒன்றையும் கழிப்பதில்லை. இரு தட ஒலியாக ஒரு மணி நேரம் பதிய 600 மெகாபைட்டுக்கு மேல் வேண்டும். கழித்தது கழிந்ததே, பின்னர் அதனை மீட்டல் இயலாது. ஆதலின், நிலையாகக் காக்க வேண்டியதை வேவ் வடிவிலேயே பதிக. 32 ஜிகாபைட்டு மெமரி கார்டு ஒன்றில் அவ்வடிவில் ஏறத்தாழ 50 மணி நேரம் பதியலாம். இடம் போதாது என்னும் கவலை இக்காலத்தில் வேண்டுவதில்லை.

இரண்டாவது, மின்கலம். உள்ளே பொருத்திய மின்கலம் தீர்ந்தால், மின்னேற்றும் வரை காத்திருத்தல் வேண்டும். பென்சில் பாட்டரி இடும் கருவியாயின், சிற்றூர்ப் பெட்டிக்கடையிலேனும் மாற்றுக் கலம் கிடைக்கும். மூன்றாவது, ஒலியின் அளவை நாமே கூட்டவும் குறைக்கவும் இடம் தருதல். சில கருவிகள் தாமே அளவை மாற்றிக்கொள்ளும். பாடகர் மூச்சு வாங்க நிற்கும்பொழுது, அவை அளவை உயர்த்திப் பக்கத்துத் தெரு ஓசையைப் பெரிதாக்கிவிடும். நான்காவது, ஹெட்போன் செருகும் துளை. பதியும்போதே கேட்டால்தான் பிழை அப்போதே புலப்படும். ஐந்தாவது, காற்று ஓசையைத் தடுக்கும் பஞ்சுறை. ஒலிவாங்கிக்கு இவ்வுறை இன்றேல், திறந்த வெளியிற் பதிந்ததில் காற்றே பெரிதும் கேட்கும்.

விலை மிகுந்தது எல்லாம் சிறந்தது என எண்ணற்க. கருவி வாங்க இயலாதவரும் தளர வேண்டுவதில்லை. கைப்பேசியும் நல்ல பதிவு தரும். ஆனால், அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடுதல் கூடும். ஆதலின், முன்னரே விமானப் பயன்முறையில் வைத்தல் வேண்டும்.

அடுத்து, கையாளும் முறை. கருவி வாங்கிய அன்றே கையேட்டை முழுதும் படியுங்கள். பின்னர் வீட்டாரின் பேச்சைப் பலமுறை பதிந்து பழகுங்கள். அயலார் வீட்டுத் திண்ணை பழகுமிடம் ஆகாது.

பதியும் இடம் அமைதியாக இருத்தல் வேண்டும். நம் ஊர்களில் விசைத்தறியின் ஓசை நாளெல்லாம் கேட்கும். அதனோடு வாழ்ந்து பழகிய நம் செவி அவ்வோசையைப் பொருட்படுத்துவதில்லை. கருவியோ அதனையும் குரலோடு ஒப்பவே பதியும். தறி நிற்கும் நேரத்தை அறிந்து செல்லுங்கள். வைகாசி விசாகத் தேர்த் திருவிழா நாள்களில் ஒலிபெருக்கி முழங்கும், அந்நாள்களைத் தவிருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவர் சூழ்ந்த அறையில் எதிரொலி எழும். துணிமணி நிறைந்த அறையோ மர நிழலோ நன்று.

கருவியைப் பேசுபவருக்கு ஒரு முழ தொலைவில், அவர் வாய்க்கு நேரே வையாமல் சற்றே ஒரு புறமாக வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக்காற்று தாக்கும். கையிற் பிடித்தால் விரல் உராயும் ஓசை பதியும். மடித்த துண்டின்மேல் வைப்பது நன்று. அவர் உரத்துப் பாடும் ஒரு வரியைக் கேட்டு அளவைச் சரிசெய்யுங்கள். அளவுகாட்டியில் உச்ச ஒலி, பூச்சியத்திற்குக் கீழ் 12 டெசிபல் என்னும் குறியை ஒட்டி நிற்குமாறு வைத்தல் பொருந்தும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி சிதையும். சிதைந்த ஒலியைப் பின்னர்ச் சீராக்குதல் அரிது.

அரை நிமிடம் பதிந்து, அதனைக் கேட்டுப் பாருங்கள். இஃதொன்றைச் செய்திருப்பேனாயின் அம்முதியவரின் பாட்டு இன்று என்னிடம் இருந்திருக்கும். பின்னர் முறையாகத் தொடங்குங்கள். நாள், ஊர், பாடுபவர் பெயர், அவர் அகவை, பாட்டின் வகை ஆகியவற்றை முதலில் உங்கள் குரலாலேயே கூறுங்கள். விளக்கு நிலையாக எரிகின்றதா, வினாடி எண்கள் ஓடுகின்றனவா என்று நோக்குங்கள். அவர் பாடும்போது இடையிற் பேசாதீர்கள். ஆம் என்பதைத் தலையசைத்துக் காட்டுங்கள். அவர் நிறுத்தினாலும் உடனே கருவியை நிறுத்தற்க. நினைவு மீண்டு அவர் கூறும் அடுத்த சொல்லே அரிய சொல்லாக அமைதல் உண்டு. குறிப்பேட்டையும் உடன் வைத்திருங்கள். புரியாத சொற்களை எழுதிக்கொண்டு, முடிவிற் பொருள் கேளுங்கள்.

இவை யாவற்றிற்கும் முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பதிவதற்கு அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். எதற்காகப் பதிகின்றோம், யார் யார் கேட்பர் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லுங்கள். ஒப்பாரி போன்றவற்றைச் சிலர் பாட விரும்பார், வற்புறுத்தற்க. கருவியை மறைத்து வைத்துப் பதிதல் பிறர் பொருளைக் கவர்வதை ஒக்கும். பதிந்தபின் ஒரு படியை அவர் வீட்டாருக்குக் கொடுங்கள். அக்குரல் முதலில் அவர்களுக்கே உரியது.

பதிவு முடிந்த அன்றே அதனைக் கணினியிலும், தனியாக வேறொரு வட்டிலும் படியெடுங்கள். ஒரு படி வேறு வீட்டிலோ பள்ளியிலோ இருத்தல் நலம். படிகள் சரியாக உள்ளனவா என்று கேட்டறிந்த பின்னரே கார்டில் உள்ளதை அழியுங்கள். கோப்புக்கு நாள், ஊர், பெயர் ஆகியன விளங்கப் பெயரிடுங்கள். பெயரில்லாப் பதிவு, முகவரியில்லா மடல் போன்றது.

'சொற்களை எழுதி வைத்தாற் போதாதோ?' எனச் சிலர் வினவலாம். எழுதுதலும் வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, நம் பகுதிச் சொற்களுக்கு நிலையான இடம் தந்தது. ஆயினும், 'ஏனுங்க' என்னும் ஒரு சொல்லை நம் பாட்டிமார் மரியாதையாகக் கூறும்போது ஒருவகையாகவும், ஐயத்தோடு கூறும்போது வேறுவகையாகவும் இழுப்பர். அவ்விழுப்பை எழுத்தால் காட்டவியலாது. எழுத்து சொல்லைக் காக்கும். பதிவு அச்சொல்லின் உயிர்ப்பைக் காக்கும். இரண்டும் ஒன்றற்கொன்று துணை.

அம்முதியவர் மறைந்து ஓராண்டு சென்றபின், அவர் மனைவியாரைக் காணச் சென்றேன். நேர்ந்த பிழையை மறையாது கூறினேன். அம்மூதாட்டியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவரு எருது ஓட்டுவாருங்க; நான் வாய்க்கால்ல மடை திருப்புவேன். அங்கிருந்தே கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வருமுங்க" என்றார். தறி நிற்கும் நேரத்தைக் கேட்டறிந்தேன். துண்டை மடித்துக் கருவியை வைத்தேன். அரை நிமிடம் பதிந்து கேட்டேன். விளக்கு நிலையாக எரிந்தது, எண்கள் ஓடின. அவருக்கு நினைவிருந்தது பாட்டில் காற்பங்கே. இடையிடையே வரிகள் விடுபட்டன. அவ்விடங்களில் மெட்டை மட்டும் முணுமுணுத்தார். யான் ஒன்றும் பேசவில்லை. யான் முன்னர் எழுதி வைத்த இரண்டு வரிகள் அவர் விட்ட ஓரிடத்திற் பொருந்தின.

பாடி முடித்ததும் கருவியை அவர் பெயர்த்தியின் செவியில் வைத்தோம். பள்ளியிற் படிக்கும் அச்சிறுமி, "அம்மாயி, இது நீங்களா?" என்று வியந்தாள். கவலை இறைப்பதை அவள் கண்டதில்லை. சால் என்னும் சொல்லையும் அன்றுதான் கேட்டாள். மறுநாள் தன் தோழியரை அழைத்து வந்து கேட்கச் செய்தாள் என அறிந்தேன்.

முக்காற்பங்கு போயிற்று, அது என் பிழையால் போயிற்று. எஞ்சிய காற்பங்கு இன்று மூன்று படிகளாக மூன்று இடங்களில் இருக்கின்றது. மாணவர்களே! உங்கள் வீட்டிலும், தெருவிலும், அடுத்த ஊரிலும் இத்தகைய முதியோர் உளர். கருவியைப் பற்றிக் கற்க ஒரு நாள் போதும். அவர்களைச் சென்று கேட்பதற்கு நாளை நாளை எனத் தள்ளாதீர்கள். இன்றே சென்று அவர்கள் அருகில் அமருங்கள். விளக்கு நிலையாக எரிகின்றதா என நோக்குங்கள். பின்னர் அமைதியாகக் கேளுங்கள்.

பயிற்சி

1. ஆசிரியரின் முதற்பதிவு பயனின்றிப் போனது ஏன்? அதனைத் தடுத்திருக்கக்கூடிய இரண்டு செயல்களைக் கூறுக.

2. நெடுங்காலம் காக்க வேண்டிய பதிவுக்கு வேவ் வடிவம் ஏற்றது எனப்படுவது எதனால்?

3. 'எழுத்து சொல்லைக் காக்கும். பதிவு அச்சொல்லின் உயிர்ப்பைக் காக்கும்' என்பதை உம் ஊர்ப் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

4. உம் வீட்டு முதியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவர் இளமையிற் செய்த தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பதிந்து, அதில் வரும் அரிய சொற்கள் ஐந்தினைப் பொருளுடன் எழுதி வருக.